பாகத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: கார் கேள்வி பதில்

கோவையில் 30 ஆண்டுகளாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பெட்ரோல் செலவு, சூடாகும் இன்ஜின், மலைப்பாதை பிரேக், பழைய வண்டி என்று பல ஊர்களிலிருந்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்வியிலும் ஒரே கவலைதான் தெரிகிறது: யாரோ ஒருவர் ஒரு பாகத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார், அதை நம்பலாமா என்ற கவலை. அந்தக் கவலை நியாயமானது.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்பு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 15தான். எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் என்கிறார்கள். இன்ஜினும் கெட்டுவிடுமா?

பதில்: ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகும்போது எரிபொருளின் சக்தி 3 முதல் 4 சதவீதம் குறைகிறது. உங்கள் 17 கிலோமீட்டரில் அது அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் இழந்தது 2 கிலோமீட்டர். மீதியை எத்தனால் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் உண்மையான காரணம் ஒளிந்துகொள்ளும்.

முதலில், அளந்தது சரியா என்று பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். குறைவு உறுதியானால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்த பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. பிரேக் டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்.

இன்ஜினைப் பற்றிய பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். எனவே சர்வீஸின்போது எரிபொருள் குழாய்களை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி (சேலம்): ஐயா, ஏற்காடு ஏறும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. ஊருக்குள் ஒன்றும் இல்லை. ஒருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடச் சொல்கிறார்.

பதில்: இரண்டு பேரும் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: எப்போது சூடாகிறது? சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது. நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலோ நெடுஞ்சாலையிலோ சூடாகினால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, இன்ஜின் சூடானதும் கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு முழுவதும் திறக்காதது, வாட்டர் பம்ப் இறக்கை தேய்ந்தது என மூன்றில் ஒன்றாக இருக்கலாம். உங்களுடையது இந்த இரண்டாம் வகை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ரேடியேட்டர் மூடியைச் சோதியுங்கள். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட் கலந்து, மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் ஒரு பள்ளி ஆசிரியரின் காருக்குப் புது ரேடியேட்டர் போட்டேன். மறுவாரமும் கொதித்தது. கோளாறு மூடியில் இருந்தது. அவருடைய ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி என் அவசரத்தால் போயிற்று. பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். அழுத்தம் சோதிக்கும் கருவியை வாங்கியதும் அந்த மாதம்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றவே கூடாது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்குரிய வெப்பத்துக்கு வர அதிக நேரமாகும். அதுவரை இன்ஜினின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், ஆயிலும் கெடும்.

நீங்கள் குறையும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவராக இருந்தால், வீட்டில் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

அதே நண்பர்: வழியிலேயே முள் சிவப்புக்குப் போய்விட்டால்?

பதில்: ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்தில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். அப்படியே ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரமாவது கழியாமல் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பாய்ந்து வெந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தூரம்தானே என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, ஹெட்டுக்கு அடியிலுள்ள சீலான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

கேள்வி (மதுரை): 2021-இல் வாங்கிய டீசல் எஸ்யூவி. வீட்டிலிருந்து அலுவலகம் 6 கிலோமீட்டர், ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடாது. டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. அதைக் கழற்றிவிட்டால் தொல்லையும் தீரும், பிக்கப்பும் கூடும் என்கிறார் ஒருவர்.

பதில்: கழற்றாதீர்கள். வண்டியின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. அந்தப் புகை போவதும் உங்கள் தெருக் குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததால் டீசல் கார்களில் இந்த வடிகட்டி இடம்பெற்றது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அது எரித்துவிடும். அந்த வெப்பம் வர வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். உங்கள் 6 கிலோமீட்டர் பயணத்தில் எரிப்பு தொடங்குவதற்குள் வீடு வந்துவிடுகிறது. கருவியில் கோளாறு இல்லை. அதற்கு வேலை செய்ய நீங்கள் நேரம் கொடுக்கவில்லை.

விளக்கு எரிந்ததும் நான்குவழிச் சாலைக்குப் போய், கியரைக் குறைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல், 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அதையும் மீறி இன்ஜின் விளக்கு சேர்ந்து எரிந்தால் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மூலம் எரிக்க வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வாரம் ஒரு முறை ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பாருங்கள். எரிப்புக்காக இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் அந்த டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறும். ஏறுவதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் உடனே மாற்றுங்கள்.

அதே நண்பர்: அப்படியானால் டீசல் வாங்கியதே தவறா?

பதில்: கணக்குப் போடுவோம். பெட்ரோல் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய். டீசல் 92 ரூபாய், 20 கிலோமீட்டர் என்றால் 4.60 ரூபாய். மிச்சம் 2 ரூபாய் சொச்சம். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டருக்கு 10,000 ரூபாய்க்குச் சற்று மேல். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை மீட்க 14 ஆண்டுகளுக்கு மேலாகும். உங்கள் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தவில்லை. நல்ல விலை கிடைக்கும்போது, தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவரிடம் இந்த விளக்கு எரிவது அபூர்வம்.

கேள்வி (நாமக்கல்): ஐயா, கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக்கில் கருகிய வாசனை வந்தது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. கீழே வந்து ஆறியதும் சரியாகிவிட்டது. பேட் மாற்றினால் போதுமா?

பதில்: தம்பி, உயிரோடு இறங்கினீர்களே, அது போதும். பேட் இரண்டாவது விஷயம். பெடல் பஞ்சானதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதித்தது. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 4 சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்த வெப்பம் வந்தே தீரும். ஆயிலுக்குள் ஆவிக்குமிழ் வந்துவிட்டால், மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை அழுத்துவதிலேயே போய்விடும்.

நாளைக்கே பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பேட், டிஸ்க் இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், மிகச் செங்குத்தான இடத்தில் முதல் கியர். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைப் பூட்டிவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவியான கார்புரேட்டர் இருந்த காலத்து நம்பிக்கை அது. இன்றைய வண்டிகளில் கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகப் பெட்ரோல் எரியும். மிச்சம் ஒன்றுமில்லாமல் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

கேள்வி (திருச்சி): 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜினா, 1.0 லிட்டர் டர்போவா என்று குழம்புகிறேன். சிறிய இன்ஜின் எப்படி வேகமாக ஓடும்?

பதில்: டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. ஹூண்டாய் வென்யூவில் இரண்டும் வந்தன, அதையே எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் இன்ஜினின் அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் இழுவிசை, 114 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில். 1.0 டர்போவுக்கு 172, அது 1,500 சுற்றிலேயே கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கியர் குறைக்காமலே இழுப்பது அதனால்தான். ஆனால் அந்த இழுவையை அடிக்கடி கேட்டால் மைலேஜ் வேகமாகச் சரியும். ஆயிலை நேரத்துக்கு மாற்றும் பழக்கம் இல்லாதவர்களுக்கு டர்போவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால் 1.2 போதும்.

கேள்வி (திருநெல்வேலி): ஷோரூமில் டயர் புதிது என்று கொடுத்தார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): மழையில் கார் இருக்கைவரை மூழ்கியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வெள்ளத்தால் கெட்ட இன்ஜின்களைவிட, அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜின்களே என்னைக் கலங்கவைத்தன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, தண்ணீர் நின்ற உயரத்தைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்காவிட்டால், இழப்பீடு கிடைப்பது கடினம்.

கேள்வி (காரைக்குடி): ஐயா, அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800 கொட்டகையில் நிற்கிறது. அப்பா போய் இரண்டு ஆண்டாகிறது. எல்லோரும் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். ஓட்ட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983-இலிருந்து 2014 வரை உற்பத்தியான வண்டி அது. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை, உதிரிப் பாகமும் கிடைக்கிறது. அடிச்சட்டம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். மிதியடிக்குக் கீழேயுள்ள தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போகாவிட்டால் வண்டி பிழைக்கும்.

நேரே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேங்கில் கிடக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இப்போதைய எத்தனால் கலவைக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தபிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். பிரேக் ஆயிலும் டயரும் கண்டிப்பாகப் புதிது. பதிவுச் சான்று 15 ஆண்டில் முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுவது. உங்களுடையது எந்தத் தேதிவரை இருக்கிறது, அப்பா பெயரிலிருந்து மாற்ற என்னென்ன சான்று வேண்டும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதை முடிப்பதற்கு முன் வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.