ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் தெரியும் இனப்பாகுபாடு, கொழும்பில் நாம் அன்றாடம் காண்பதுதானா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் எழும் இனப்பாகுபாட்டுச் சர்ச்சைகள் உண்மையானவையா, பார்வையாளர்களைக் கூட்டுவதற்காக ஊதிப் பெருக்கப்படுபவையா என்பது ஒன்று. கொழும்பில் வாழும் ஒரு தமிழருக்கு அவற்றில் தன் அனுபவம் தெரிகிறதா என்பது மற்றொன்று. தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தையில் வளர்ந்து, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூன்று சமூகத்தவரும் சேர்ந்து வேலை செய்யும் ஒரு தனியார் அலுவலகத்தில் நெடுங்காலமாகப் பணிபுரிபவள் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். தெரிகிறது. எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசும் பெரிய சண்டைக் காட்சியைவிட, அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில்தான் அதிகம் தெரிகிறது.

பிரபலங்களை ஒரே வீட்டில் தங்கவைத்து இரவுபகலாகப் படம்பிடித்து, 2007 ஜனவரியில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய 'செலிபிரிட்டி பிக் பிரதர்' தொடரை எடுத்துக்கொள்வோம். இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியும், அதன் மூல நிகழ்ச்சியான 'பிக் பிரதர்' தொடரொன்றால் முன்னர் புகழடைந்த ஜேட் கூடியும் சமையலுக்குப் போடும் கோழிச் சாற்றுக் கட்டிகளைப் பற்றிய ஒரு தகராறில் உரத்துச் சண்டையிட்ட காட்சிதான் உலகெங்கும் காட்டப்பட்டது. ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொமுக்கு 44,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன. நிகழ்ச்சியின் அனுசரணையாளர் விலகினார். அந்த நேரத்தில் இந்தியாவுக்குச் சென்றிருந்த பிரித்தானிய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் அங்கு வைத்தே இது பற்றிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் எனக்குப் பழக்கமானவையாகத் தோன்றியவை வேறு. ஜேட்டின் தாயார், ஷில்பா என்ற எளிய பெயரைச் சொல்லப் பழகாமல், 'அந்த இந்தியப் பெண்' என்று குறிப்பிட்டார். உணவை ஷில்பா கையால் தொட்டதைப் பற்றி இன்னொரு போட்டியாளர் அருவருப்புடன் பேசினார். சண்டைக்குப் பிறகு ஜேட், ஷில்பாவின் பெயரோடு பப்படத்தைச் சேர்த்து ஒரு பட்டப்பெயர் சொன்னார். சனல் 4 தொடக்கத்தில் இதனைப் பண்பாடும் வர்க்கமும் மோதிக்கொண்ட விடயம் என்று விளக்கியது. மே மாதத்தில்தான், ஒலிபரப்பு விதிகளை மீறியதாகத் தன் திரையிலேயே அறிவிக்க வேண்டுமென ஒஃப்கொம் அதற்குக் கட்டளையிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்த ஒன்று உண்டு. ஜேட் இனவாத எண்ணத்தோடு அப்படிப் பேசவில்லை என்று வீட்டுக்குள்ளிருந்தபடியே ஷில்பா சொன்னார். வெளியிலிருந்தவர்கள் இதைப் பெருந்தன்மை என்றார்கள்; சிலர் கோழைத்தனம் என்றார்கள். கொழும்பில் வேலை செய்கிற எந்தத் தமிழருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மறுநாள் காலையிலும் அதே சமையலறையில், அதே ஆட்களுடன் நின்று தேநீர் ஊற்ற வேண்டும். அவமதித்தவரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டிவிட்டால் அந்தத் தேநீரை எப்படிக் குடிப்பது?

எங்கள் அலுவலகத்தில் ஒருவர், உண்மையிலேயே அன்பானவர், நான் பேசும் சிங்களத்தைக் கேட்டுவிட்டு, "உங்களைப் பார்த்தால் தமிழ் என்று சொல்லவே முடியாது" என்று பாராட்டினார். அது பாராட்டுத்தான், அவர் முகத்தில் வேறு எதுவும் இல்லை. நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? வாடகைக்கு வீடு தேடும்போதும் இப்படித்தான். தொலைபேசியில் எல்லாம் பேசி முடிந்து, பெயரைச் சொன்னதும் ஒரு சிறு இடைவெளி. அன்று மாலையே தரகர் அழைத்து, வீட்டுக்காரரின் உறவினர் யாரோ வருவதாகச் சொல்வார். உண்மையிலேயே உறவினர் வந்திருக்கவும் கூடும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியே ஒரு நியாயமான விளக்கம் இருக்கிறது என்பதுதான் இந்த அனுபவத்தின் மிகவும் களைப்பூட்டும் பகுதி. பிக் பிரதர் வீட்டில் இந்த விளக்கங்கள் எடுபடாமல் போனதற்குக் காரணம், முந்திய நாள் பேசியதும் ஆள் இல்லாதபோது பேசியதும் பதிவாகியிருந்தன என்பதே. பார்வையாளர்கள் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். தரகரின் தொலைபேசி அழைப்புகளை அப்படி அடுக்கிப் பார்க்கக்கூடியவர் வீடு தேடுபவர் ஒருவர் மட்டுமே.

ஆகவே இத்தகைய நிகழ்ச்சிகள் பொய்யென்று நான் கருதவில்லை. தொகுப்பவர் தேர்ந்தெடுத்த நிமிடங்கள்தான் என்றாலும், அந்த நிமிடங்களில் பேசப்பட்டவை பேசப்பட்டவையே. என் மனக்குறை வேறு. நிகழ்ச்சி ஒரு வில்லியைக் கண்டுபிடித்து, வெளியேற்றி, கணக்கை முடித்துவிடுகிறது. மறு ஆண்டே ஷில்பா ஷெட்டி தொகுத்து வழங்கிய இந்திய 'பிக் பாஸ்' வீட்டுக்குள் ஜேட் போட்டியாளராக நுழைந்தார் என்பதைக் கவனித்தால், இந்தத் தொழிலுக்குச் சண்டையும் சமரசமும் ஒரே விலைதான் என்பது புரியும். (அங்கிருக்கும்போதுதான் தமக்குப் புற்றுநோய் என்று அவர் அறிந்தார், 2009 மார்ச்சில் இறந்தார். அவரை வில்லியாக மட்டுமே நினைவில் வைத்திருப்பதும் நியாயமாகப் படவில்லை.)

பிக் பிரதர் வீட்டுக்குள் பொலிஸ் இல்லை, அடையாள அட்டை இல்லை, படிவம் இல்லை. இங்கே அவை எல்லாம் இருந்தன. ஒஃப்கொம் தீர்ப்பு வெளியான அதே 2007 இல், ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள், தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறப்பட்டு, பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மருத்துவத்துக்காக வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். "கொழும்புக்கு ஏன் வந்தீர்கள்?" என்ற கேள்வி அந்நாட்களில் சோதனைச் சாவடியில் மரியாதையாகவே கேட்கப்பட்டது, கேட்டவருக்கு நம்மீது தனிப்பட்ட வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒருவரின் வாய்த்துடுக்கைப் படம்பிடிக்கும் கமெராவால் இதைப் பிடிக்க முடியாது. இன்றைக்கும் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் கையொப்பமிட நேர்வதை எந்த நிகழ்ச்சியில் ஒரு காட்சியாக வைப்பது?

இனி, தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள். நம் வீடுகளில் பார்க்கப்படுபவை பெரும்பாலும் அவைதான். 2019 இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' மூன்றாவது தொடரில், இங்கே சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும், இன்னொரு இலங்கைத் தமிழரான தர்ஷனும் கலந்துகொண்டபோது வெள்ளவத்தையில் அதைப் பற்றிப் பேசாத வீடு அபூர்வம். அங்கே யாரும் அவர்களைத் தாழ்வாக நடத்தவில்லை; கொண்டாடினார்கள். இருந்தும் அந்தக் கொண்டாட்டம் எனக்கு ஓரளவு சங்கடமாகவே இருந்தது. 'உங்கள் தமிழ் எவ்வளவு இனிமை' என்று தொடங்கி, சற்று நேரத்தில் போர்க்கதைக்கு வந்து சேரும் அந்த உரையாடல், சென்னைக்குப் போய்வந்த இலங்கைத் தமிழர் பலருக்கும் மனப்பாடம். வாடகை ஓட்டோக்காரர் முதல் துணிக்கடைப் பெண் வரை எல்லோரும் பரிவோடுதான் கேட்கிறார்கள். பதிலுக்கு நாம் சற்றுக் கண்கலங்குவோம் என எதிர்பார்க்கிறார்கள். மேடையில் நிற்கும் போட்டியாளருக்கு அது எதிர்பார்ப்பு என்ற நிலையையும் தாண்டி, வாக்காகவே மாறுகிறது. ஒருவர் நன்றாகப் பாடுகிறார் என்பதோடு, ஓர் இனத்தின் துயரத்தையும் சேர்த்துச் சுமந்து காட்ட வேண்டியிருக்கிறது. இதை இனப்பாகுபாடு என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒருவரை அவராகப் பார்ப்பதற்கு முன் அவருடைய இனமாகப் பார்ப்பது, வெறுப்பில் மட்டும்தான் நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

2023 இல் ஸீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' நிகழ்ச்சியில் யாழ்ப்பாணத்தின் கில்மிசாவும் மலையகத்தின் அசானியும் பாடினார்கள், கில்மிசா வென்றார். அது, தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழரின் வருகையின் 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்ட ஆண்டு. 1948 இல் குடியுரிமையை இழந்து, எஞ்சியிருந்தவர்களும் அதைப் பெற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாழ்வைப் பற்றிப் பேசியதைக் கேட்டு எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் உருகினார்கள். அதே அடுக்குமாடியின் சில வீடுகளில், மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் பெண்ணுக்குத் தேநீர் தனிக் கோப்பையில்தான் கொடுக்கப்படுகிறது. பிரித்தானிய வீட்டில் ஷில்பாவின் கைபட்ட உணவைப் பற்றிப் பேசியவரை இனவாதி என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். இந்தக் கோப்பையை வைத்திருப்பவர்களை என்னவென்று சொல்வதென்று நம்மவர்கள் யோசிப்பார்கள். எனக்கு அதில் யோசிக்க எதுவுமில்லை.

பிரித்தானியச் சம்பவம் அவ்வளவு பெரிதானதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அங்கே வெள்ளையரும் இந்திய வம்சாவளியினரும் ஒரே நிகழ்ச்சியை, ஒரே இரவில், ஒரே மொழியில் பார்த்தார்கள். இங்கே அப்படியில்லை. சிங்களத்தில் ஒளிபரப்பும் சிரசவும் தமிழில் ஒளிபரப்பும் சக்தியும் ஒரே குழுமத்தின் அலைவரிசைகள். அவற்றைப் பார்ப்பவர்கள் இரு வேறு உலகத்தவர்கள். 'சிரச சூப்பர் ஸ்டார்' பாட்டுப் போட்டி 2006 இல் தொடங்கியதிலிருந்து யார் யார் வென்றார்கள் என்று சொல்லக்கூடிய என் சகபணியாளர்களுக்கு, இதே கொழும்பில் செய்தி வாசித்த லொஸ்லியாவின் பெயர் தெரியாது. அவர்களுடைய பாடகர்களில் பாதிப்பேரை எனக்கும் தெரியாது. சிங்களவரையும் தமிழரையும் ஒரே வீட்டில் பல வாரங்கள் தங்கவைத்துப் படம்பிடித்த நிகழ்ச்சி எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. அப்படியொன்று வந்தால் அந்த வீட்டின் பொது மொழி யாரும் முடிவு செய்யாமலே சிங்களமாகிவிடும். தமிழர் இருவர் ஒரு மூலையில் தமக்குள் இரண்டு வார்த்தை பேசினால், என்ன பேசுகிறீர்கள், எங்களைப் பற்றியா என்று மூன்றாமவர் ஒருவர் கேட்பார். எங்கள் அலுவலகத்தின் மதிய உணவு மேசையில் கேட்கப்படுவதைப் போலவே, சிரித்துக்கொண்டுதான் கேட்பார்.