தீவில் ஒரு வில்லா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மும்பை முலுண்டில் இருந்த எங்கள் ஃபிளாட்டை விற்றதில் இரண்டரைக் கோடி ரூபாய் கையில் இருக்கிறது. பவாயில் ஒரு ஹோட்டலில் நடந்த கண்காட்சியில், தாய்லாந்தின் கோ சாமுய் தீவில் கடலைப் பார்த்த வில்லா ஒன்றை அந்த விலைக்குக் காட்டினார்கள். முப்பது, முப்பது, முப்பது என்று 90 ஆண்டு குத்தகை, முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வாடகை உத்தரவாதம் என்கிறார்கள். பத்து சதவீத முன்பணத்தை இந்த மாதத்துக்குள் கட்ட வேண்டுமாம். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற வாசகர், செம்பூர்

பதில்: இப்போதைக்கு முன்பணம் கட்டாதீர்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரராக முடியாது என்பதே 1954ஆம் ஆண்டின் நிலச் சட்டம் வகுத்த பொது விதி. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். தனி வில்லாவுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே உங்களுக்கு விற்கப்படுவது நிலமன்று, குத்தகைக் காலம். அந்தக் காலம் 30 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்நாட்டின் சிவில் சட்டம் சொல்கிறது. 30 ஆண்டு முடிந்தபின் புதுப்பிக்கலாம். ஆனால் அந்தப் புதுப்பித்தலை இன்றே பதிவு செய்துகொள்ள வழியில்லை. அதுவரை அது நில உரிமையாளர் கொடுத்த வாக்குறுதி மட்டுமே. அவர் இறந்துவிட்டாலோ நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டாலோ, புதிதாக வந்தவரை அந்த வாக்குறுதி கட்டுப்படுத்தும் என்று நம்பிப் பணம் போட முடியாது. எனவே 90 என்பதை மறந்து, 30 ஆண்டுக்குத்தான் விலை கொடுக்கிறோம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டரைக் கோடியை முப்பதால் வகுத்தால் ஆண்டுக்கு எட்டு லட்சத்து முப்பத்து மூன்றாயிரம் ரூபாய் வருகிறது. வில்லா காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் உங்கள் முதலில் இருந்து ஒவ்வோர் ஆண்டும் கரையும் தொகை இது. உத்தரவாத வாடகை ஆண்டுக்குப் பதினேழரை லட்சம், மூன்று ஆண்டுக்கு ஐம்பத்திரண்டரை லட்சம். இத்தகைய உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே விற்பனை விலையில் ஏற்றிவைப்பது இந்தத் தொழிலில் அறியப்பட்ட வழக்கம். அப்படியிருந்தால் உங்கள் பணமே உங்களுக்குத் தவணையாகத் திரும்பி வருகிறது. அதே தீவில், அதே அளவுள்ள, உத்தரவாதம் இல்லாத வில்லாவின் விலையைக் கேட்டு ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

நான்காம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஓர் இரவுக்கு 20,000 ரூபாய் வீதம் 150 இரவுகள் வாடகைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம்; வரவு 30 லட்சம். நிர்வாக நிறுவனத்துக்கு 25 சதவீதம், முன்பதிவுத் தளங்களுக்கு 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 18 லட்சம். நீச்சல்குளம், தோட்டம், வேலையாட்கள், ஏ.சி. மின்கட்டணம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக்கும் உப்பிப்போகும் மரத்துக்கும் ஆகும் பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்து எட்டு லட்சம் என்றால் பத்து லட்சம் நிற்கும். கரையும் முதலைக் கழித்துவிட்டால் வரிக்கு முன்னே கையில் இருப்பது இரண்டு லட்சத்துக்கும் குறைவு. எண்களை நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கழிக்க வேண்டிய இனங்கள் மாறமாட்டா.

மும்பையில் வீடு வாங்கிப் பழகிய நமக்கு, மகாராஷ்டிரத்தின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மஹாரேராவின் பாதுகாப்பு இயல்பாகிவிட்டது. வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டுமானத்துக்கே செலவிட வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி, பவாயில் விற்கப்பட்டாலும் சாமுயில் எழும் கட்டடத்தை எட்டாது. தாய்லாந்தில் எஸ்க்ரோ கணக்குக்கென்று, அதாவது ஒப்பந்தப்படி வேலை நடக்கும் வரை பணத்தை மூன்றாம் தரப்பினர் வைத்திருக்கும் கணக்குக்கென்று, சட்டம் உண்டு. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டுநர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்று எழுத்தில் கேளுங்கள். சனோட் எனப்படும் முழு உரிமைப் பத்திரம் நிலத்துக்கு இருக்கிறதா, கட்டட அனுமதி யார் பெயரில் இருக்கிறது, குத்தகை நில அலுவலகத்தில் பதிவாகுமா ஆகியவற்றை, விற்பவர் அறிமுகப்படுத்தாத ஒரு தாய்லாந்து வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.

உங்களுக்கு மிகவும் அவசரமான செய்தி ஒன்று உண்டு. வீடு விற்ற லாபத்தில் வேறொரு வீடு வாங்கிப் பெறும் வருமான வரி விலக்கு, அந்த வீடு இந்தியாவுக்குள் இருந்தால் மட்டுமே கிடைக்கும். 2014ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. சாமுய் வில்லாவைக் காட்டி முலுண்ட் லாபத்துக்கு விலக்குக் கேட்க முடியாது. அடுத்து, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடிய தொகை இரண்டரை லட்சம் டாலர், அதாவது இரண்டு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் மனைவியையும் கூட்டு உரிமையாளராக்கி ஆளுக்கு ஒன்றேகால் கோடி அனுப்பினால் வரம்புக்குள் அடங்கும். ஆனால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் என்ற கணக்கில் வங்கி ஆளுக்கு 23 லட்சம், இருவருக்குமாக 46 லட்சம் ரூபாய் வரியாக வசூலிக்கும். பிறகு கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டவோ திரும்பப் பெறவோ முடியும் என்றாலும், அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. இதற்கு இந்திய வங்கியில் கடனும் கிடைக்காது. வாங்கியபின் ஆண்டுதோறும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

ஓய்வுக்காலச் சேமிப்பை இதில் முழுவதும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்டில் இரண்டு வாரம் அந்தக் கடலருகே இருக்க வேண்டும் என்பதே ஆசையென்றால், அதே போன்ற வில்லாவை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: தாய்லாந்துக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, உள்ளூர்க்காரர் சிலரைப் பங்குதாரராகக் காட்டி அதன் பெயரில் நிலம் வாங்கலாம் என்று முகவர் சொல்கிறார். பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.
– தொழில் செய்யும் வாசகர், அந்தேரி

பதில்: செய்யாதீர்கள். பணம் போடாமல் பெயரை மட்டும் தரும் பங்குதாரர்களை வைத்துக்கொள்வது, அந்நாட்டின் 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் வணிகச் சட்டப்படி குற்றம். பெயர் கொடுத்தவரும் கொடுக்கச் செய்தவரும் தண்டனைக்கு உரியவர்கள். பலர் செய்கிறார்கள் என்பது விசாரணை வரும்போது உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: அப்படியானால் நிலமே சொந்தமாகக் கிடைக்கும் வெப்பமண்டலத் தீவு எது? இலங்கையில் உறவினர்கள் இருக்கிறார்கள்.
– வாசகி, மாட்டுங்கா

பதில்: இலங்கையில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலம் மாற்றுவதைத் தடுக்கிறது, 99 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம். உறவினர் பெயரில் வாங்கிவைக்கும் யோசனை இருந்தால், சொத்து அவருடையது, அவருக்குப்பின் அவர் வாரிசுகளுடையது என்பதை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். மொரீஷியஸில் அரசு அங்கீகரித்த திட்டங்களுக்குள் வெளிநாட்டவர் முழு உரிமையோடு வில்லா வாங்கலாம். குறைந்தது 3,75,000 டாலர் மதிப்புள்ளதை வாங்கினால், அதை வைத்திருக்கும் வரை வசிப்புரிமையும் உண்டு. அது ஒருவருடைய ஓராண்டு வரம்பைத் தாண்டிய தொகை என்பதைக் கவனியுங்கள். அங்கும் கடலோரமாக ஓடும் நிலப்பட்டை அரசுக்கே சொந்தம்; அதன்மேல் நிற்பவை குத்தகையில் நிற்பவை.

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் தீவு வில்லா ஒன்றில் நடத்த நினைக்கிறோம். ஏறக்குறைய நாற்பது பேர். ஜூலை மாதம், புக்கெட்டா சாமுயா? எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: ஜூலை என்றால் சாமுய். புக்கெட் அந்தமான் கடல் பக்கம் இருப்பதால் நம் மும்பையைப் போலவே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும், கடலும் கொந்தளிக்கும். சாமுய் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. சென்னையைப் போல அதன் பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும், நவம்பரில் உச்சம்.

வில்லா சட்டப்படி தினவாடகைக்கு விடப்படுகிறதா என்று முதலில் கேளுங்கள். மாதக்கணக்கில் அன்றி நாள்கணக்கில் விடுவதற்கு 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். எட்டு அறைகளுக்கும் முப்பது விருந்தினர்களுக்கும் மேற்படாத சிறிய இடங்கள் அதிகாரிக்கு அறிவித்துவிட்டு விலக்குப் பெறலாம். நாற்பது பேர் அந்த விலக்கில் அடங்கமாட்டீர்கள். ஆகவே உரிமம் பெற்ற ரிசார்ட்டுக்குள் இருக்கும் வில்லாக்களில் இரண்டு மூன்றை அருகருகே எடுப்பதே பாதுகாப்பு.

படத்தில் மலைச்சரிவு வில்லாக்கள் மிக அழகாக இருக்கும். ஆனால் 2024 ஆகஸ்டில் புக்கெட்டின் கரோன் பகுதியில் கனமழைக்குப்பின் மலை சரிந்து 13 பேர் இறந்தார்கள். 2014இல் மாலின் கிராமம் புதைந்ததைக் கண்ட மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு, சரிவை வெட்டிக் கட்டுவதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. வெட்டப்பட்ட மண்ணின் ஒவ்வொரு லாரிச் சுமையும் மழையில் கீழே உள்ள குடியிருப்புக்கும் பவளப்பாறைக்கும்தான் போகிறது. பெரியவர்களுக்குப் படியேறுவதும் சிரமம். தாழ்வான, பழைய தென்னந்தோப்பு நிலத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சாமுயில் நல்ல தண்ணீர் எப்போதும் பற்றாக்குறை. பெருநிலத்திலிருந்து கடலடிக் குழாய் வழியே கொண்டுவருகிறார்கள். குழாய் இணைப்பா, லாரித் தண்ணீரா, கழிவுநீர் எங்கே போகிறது என்று விருந்தினர் கேட்டால்தான் உரிமையாளர்கள் அதில் பணம் செலவிடுவார்கள்.

ஹோமம் வளர்ப்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல வில்லாக்களின் கூரை ஓலையும் மரமும். விழா நடத்துவதற்குத் தனிக் கட்டணமும் கூடுதல் வைப்புத்தொகையும் கேட்பார்கள். வைப்புத்தொகையை எத்தனை நாளில், எந்தக் கணக்கில் திருப்புவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அந்த வில்லாவை விட்டுவிடுங்கள். வாத்தியாரையும் சமையற்காரரையும் மாட்டுங்காவிலிருந்தே அழைத்துச் செல்வது உத்தமம். அவர் வெளிநாட்டில் சமைத்துக் கூலி பெறுவதற்கு அனுமதி தேவைப்படுமா என்பதை மட்டும் டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.