வழிபாட்டு ஆண்டைக் குழந்தைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: ஞாயிறு மறைக்கல்வியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். திருச்சபையின் வழிபாட்டு ஆண்டைத் திருவருகைக் காலம் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்கள்), தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்), பாஸ்கா காலம் (ஈஸ்டர் தொடங்கி 50 நாள்) என்று வட்டம் போட்டுக் காட்டினால் ஒப்பிக்கிறார்கள். அடுத்த வாரமே குழப்பிக்கொள்கிறார்கள். ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்வது?

பதில்: அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே ஆரம்பியுங்கள். பாடப்புத்தகங்கள் திருவருகைக் காலத்தில் தொடங்கும். ஆண்டின் தொடக்கம் அதுதான் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் தவக்காலத்தையும், தூய ஆவி இறங்கிவந்த நாளான பெந்தெகொஸ்தையும் ஈஸ்டரை வைத்துத்தான் எண்ணுகிறோம். முடிச்சு அங்கே இருக்கிறது.

வகுப்புக்கு ஒரு தினசரி காலண்டர் கொண்டுபோங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைத் தேடச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். (திருச்சபை பௌர்ணமியைத் தனி அட்டவணைப்படி கணக்கிடுவதால் அபூர்வமாக இது பிசகும். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.) 2026-இல் ஏப்ரல் 5 வரும். அங்கிருந்து பின்னோக்கி 46 நாள் எண்ணினால் பிப்ரவரி 18, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். "தவக்காலம் 40 நாள்னு சொன்னீங்க, 46 வருதே!" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆறு ஞாயிறுகளைக் கழிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், நோன்புக் கணக்கில் சேராது. அப்புறம் ஈஸ்டரையும் சேர்த்து முன்னோக்கி 50 நாள் எண்ணினால் மே 24, பெந்தெகொஸ்து.

காலங்களை அடையாளம் காணக் கண்ணையும் காதையும் பழக்குங்கள். திருவருகைக் காலம், தவக்காலம் இரண்டிலும் சாமியார் ஊதா உடுப்பில் வருவார், பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். ஞாயிறு பூசையில் நற்செய்திக்கு முன் 'அல்லேலூயா' பாடினார்களா என்று கவனிக்கச் சொல்லுங்கள். தவக்காலத்தில் அது அறவே கிடையாது. திருவருகைக் காலத்தில் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின இரவுத் திருவிழிப்பில் அது திரும்பி வரும்போது, காத்திருந்த பிள்ளை துள்ளும். வெள்ளை உடுப்பு கிறிஸ்து பிறப்புக்கும் ஈஸ்டருக்கும், சிவப்பு குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தெகொஸ்துக்கு.

போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் காய்ந்துகிடக்கும். சாம்பல் புதனுக்கு முன் அதைப் பிள்ளைகளே கோவிலில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நெற்றியில் பூசும் சாம்பல் அதை எரித்து எடுத்ததுதான் என்று தெரிந்தால், ஓர் ஆண்டு அடுத்த ஆண்டோடு சேரும் இடம் அவர்கள் கைக்கே வந்துவிடும். படம் போட்டு விளக்கத் தேவையில்லை.

பச்சைநிறப் பொதுக்காலத்தைக் கடைசியாக வையுங்கள். 33 அல்லது 34 வாரம் வரும் நீண்ட காலம் அது. தவக்காலமும் பாஸ்கா காலமும் நடுவில் புகுந்து இரண்டாகப் பிரித்துவிடும். 'ஒன்றும் விசேஷமில்லாத நாட்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இயேசு சொன்ன உவமைகளும் செய்த புதுமைகளும் அதிகம் வாசிக்கப்படுவது அப்போதுதான். ஞாயிறுகளில் ஒரு வருஷம் பெரும்பாலும் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. இப்போது யாருடைய முறை என்று வாசகப் புத்தகத்தைப் பார்த்து வரச் சொல்லுங்கள். அதுவே வீட்டுப்பாடமாக இருக்கட்டும்.