முதல் தந்தி சும்மா கிடக்கட்டும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு கிதார் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நைட் டியூட்டி வாரங்களில் நான் கடையிலிருந்து வரும்போது அவர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவருக்காக ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் பதிவு செய்தது, இத்துடன் அனுப்புகிறேன். இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் இரண்டாம் கட்டத்தில்) கேப்போ, அதாவது தந்திகளை மொத்தமாக அமுக்கும் கவ்வி. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). எஃப் இன்னும் சரியாக வரவில்லை, முதல் தந்தியை அமுக்க முடியாமல் திறந்தே விட்டுவிடுகிறேன். பாட்டும் மெதுவாக இருக்கிறது. ‘என் இனிய பொன் நிலாவே’ மாதிரி நிறைவாக வர வேண்டுமென்றால் புல்லாங்குழலும் டிரம்ஸும் வேண்டும் என்கிறார் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர். இசையாக இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வீர்களா?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

நான்கு முறை கேட்டேன். மூன்றாவது முறை கிதாரை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே வாசித்தும் பார்த்தேன்.

முதலில் அந்த எஃப். அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள். எனக்கென்னவோ பாட்டே அதில்தான் இருக்கிறது. உங்கள் இடது கையைப் பாருங்கள். சியிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்தியை விட்டு மூன்றாம் தந்திக்கு வருகிறது. நம் கணக்கில் ஸ, க, ப என்று இருந்தது த, ஸ, க ஆகிறது. பஞ்சமம் போய் தைவதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். சங்கராபரணத்தில் தைவதத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் நடபைரவி வருமே, அந்தக் கிரகபேதத்தின் வாசற்படியில்தான் அந்த ஒரு விரல் நிற்கிறது.

இப்போது உங்கள் பல்லவியின் முதல் வரி. காந்தாரத்தில், அதாவது ‘க’வில், கொண்டுபோய் நிறுத்தி, அதை விடாமல் பிடித்துக்கொண்டே கார்டை மாற்றுகிறீர்கள். குரல் அசையவில்லை. ஆனால் சியின் மேல் பளிச்சென்று இருந்த அதே காந்தாரம், ஏ மைனர் அடியில் வந்ததும் ஏங்க ஆரம்பித்துவிடுகிறது. அடுத்து எஃப். முழு எஃப் பிடித்திருந்தால் அங்கே காந்தாரத்துக்கு இடமில்லை. ம, த, ஸ மட்டும்தான். திறந்த முதல் தந்தியின் சுரமே காந்தாரம்தான், நீங்கள் அதை அமுக்காமல் விட்டதால் அது தொடர்ந்து ஒலிக்கிறது. அந்தக் கார்டுக்கு எஃப் மேஜர் செவன் என்று பேரே இருக்கிறது. பல பேர் வேண்டுமென்றே வாசிப்பார்கள். ஆக மூன்று கார்டுகளிலும் முதல் தந்தி தம்புரா மாதிரி ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜி வரும்போதுதான் அது காணாமல் போகிறது. அந்த வரியில் உங்கள் மனைவி ரயிலேறுகிறார். தெரிந்து செய்தீர்களா, தானாக அமைந்ததா என்று கேட்க மாட்டேன். தயவுசெய்து எஃப்பைத் திருத்திவிடாதீர்கள்.

மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். வலது கையில் கட்டைவிரல் ஒரு மீட்டு, மற்ற விரல்கள் சேர்ந்து ஐந்து மீட்டு என்று ஆறு ஆறாக மீட்டுகிறீர்கள். மூன்று மூன்றாக இரண்டு தகிட. தூளி ஆட்டும் கைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். இதை வேகப்படுத்தினால் தூளியில் இருக்கும் பிள்ளை கீழே விழும்.

புல்லாங்குழல் விஷயம் கொஞ்சம் பேச வேண்டியது. நான் செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவன். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். ஆர்மோனியம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் கீச்சென்று ஏறும். அத்தனைக்கும் மேலே, துணியை விரித்து அரைத் தூக்கத்தில் கிடக்கும் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கிற மாதிரி, கூத்தை அறிவித்து நடத்தும் கட்டியங்காரன் பாட வேண்டும். காதலே ஆனாலும் உச்சஸ்தாயிதான். முணுமுணுப்பாகப் பாடியதை ஊரே கேட்கலாம் என்று ஆனதெல்லாம் மைக் வந்த பிறகு. 1925 வாக்கில் மைக் வைத்து இசைத்தட்டு பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒரு புனலுக்குள் கத்த வேண்டும். உங்கள் பாட்டு காதுக்கு ஒரு முழ தூரத்தில் பாடப்படுகிறது. வரி தொடங்கும் முன் நீங்கள் மூச்சு இழுப்பது கேட்கிறது. மீட்டிய தந்தி உடனே தேய ஆரம்பித்துவிடுவதால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் கிடைக்கிறது, அங்கேதான் அந்த மூச்சு உட்கார்ந்திருக்கிறது. குழல் முதலில் நிரப்பப் போவது அந்த இடத்தைத்தான்.

நீங்கள் சொன்ன 1980ஆம் ஆண்டுப் பாட்டிலும் கிதார்தான் முதலில் வருகிறது. யேசுதாஸ் எங்கேயாவது கத்துகிறாரா என்று இன்னொரு முறை கேளுங்கள். அதன் வயலின்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் பாட்டின் மேல் போர்த்த முடியாது.

சரி, குறைகள். இரண்டாம் சரணத்தில் திடீரென்று மீட்டுவதை விட்டு எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஸ்ட்ரம் அடிக்கிறீர்கள், குரலும் மேல்ஸ்தாயி காந்தாரத்துக்குத் தாவுகிறது. அங்கே நீங்கள் கூத்து மேடைக்குப் போய்விட்டீர்கள். நரம்பு புடைப்பது கேட்கிறது. கேப்போவைக் கழற்றிவிட்டால் சுருதி இரண்டு கட்டையிலிருந்து ஒன்றுக்கு இறங்கும், விரல்களுக்கு எதுவும் மாறாது. அப்புறம், ஐந்தாம் தந்தி சற்று இறங்கியிருக்கிறது. ஏ மைனருக்கு அடி கொடுப்பதே அதுதான் என்பதால் ஒவ்வொரு முறையும் லேசாகப் புளிக்கிறது. உஷ்ணத்தில் எஃகுத் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும், நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். போன கத்திரியில் என் கிதாரை சத்துவாச்சாரி வீட்டில் மேற்கு ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கிதாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பசை விட்டு எழும்பியிருந்தது. உறையில் போட்டு, சுவரில் வெயில் படாத பக்கமாக வையுங்கள்.

சொற்களில் ஒன்றே ஒன்று. நிலவும் தென்றலும் எல்லோர் பாட்டிலும் இருக்கின்றன. அவர் கிளம்பும்போது டிபன் டப்பாவை இரண்டு முறை அழுத்தி மூடிப் பார்ப்பார் என்ற வரி உங்களுடையது. அதை மூன்றாம் சரணத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். முன்னால் கொண்டுவாருங்கள், அந்தத் திறந்த முதல் தந்தியின் மேல்.

கேப்போ இல்லாமல் இன்னொரு முறை பதிவு செய்து அனுப்புங்கள். பின்னால் ஃபேன் சத்தம் வருகிறதே என்று அதை நிறுத்திவிட வேண்டாம். மே மாதத்துக் குடியாத்தத்தில் அது ஆகிற காரியமில்லை.