மகள் எழுதினாள், பிரின்சிபால் நிறுத்திவிட்டார்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகள் வேப் (மின் சிகரெட்) பிடிக்கிறார்கள் என்று கழிவறைகளைப் பூட்டிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்திருப்பதைப் பள்ளிப் பத்திரிகையில் எழுதினாள். ‘பள்ளிக்குக் கெட்ட பெயர்’ என்று பிரின்சிபால் நிறுத்திவிட்டார். காலேஜுக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டுமே, விட்டுவிடு என்றேன். இப்போது என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை.
- ஒரு தாய், எடிசன்

பதில்: உங்கள் பயம் புரிகிறது, சகோதரி. கடிதம் எழுதப் போகிறவர்களும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் அவளை அடக்காதீர்கள். உங்கள் மாநிலத்தில் சட்டம் அவள் பக்கம்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 1983இல் மிசௌரியில் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியின் ‘ஸ்பெக்ட்ரம்’ பத்திரிகையிலிருந்து பிரின்சிபால் இரண்டு பக்கங்களையே தூக்கிவிட்டார். கருவுற்ற மாணவிகளைப் பற்றி ஒரு கட்டுரை, பெற்றோரின் விவாகரத்து பற்றி இன்னொன்று. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1988இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று பள்ளி ஜெயித்தது. கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி தன் பத்திரிகையில் கைவைக்கலாமாம். அந்த ‘நியாயமான காரணம்’ ரப்பர் மாதிரி, இழுத்த இழுப்புக்கு வரும். அதனால்தான் சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டன. நியூ ஜெர்சி 2021 டிசம்பரில் போட்டது. அவதூறு, அடுத்தவர் அந்தரங்கம், பள்ளி நடப்பைக் குலைக்கத் தூண்டுவது என்று சில காரணங்களுக்குத்தான் அரசுப் பள்ளி நிறுத்த முடியும். கெட்ட பெயர் அதில் சேராது.

ஆனால் அந்த ஹேசல்வுட் பிரின்சிபால் சொன்ன காரணங்களை மகள் ஒருமுறை படிக்கட்டும். பெயரை மாற்றினாலும் மாணவிகள் யாரென்று தெரிந்துவிடும் என்றார். விவாகரத்துக் கட்டுரையில் குறைசொல்லப்பட்ட அப்பாவிடம் பதில் கேட்கவில்லை என்றார். பக்கத்தை வெட்டியது தப்பு என்பதுதான் என் கட்சி, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ‘மூன்றாவது பீரியடில் அழுதுகொண்டு நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்’ என்று உங்கள் மகள் எழுதியிருந்தால், அவள் யாரென்று பள்ளிக்கே தெரிந்துவிடும். அதை எடுத்துவிடலாம். எந்த மாடிக் கழிவறை, எத்தனை மணியிலிருந்து பூட்டு, வரிசையில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். பூட்டச் சொன்னவரின் விளக்கமும் வேண்டும். வேப் தொல்லை பொய்யில்லையே.

அப்புறம், நிறுத்திய காரணத்தை எழுத்தில் கேட்டு அவளே மின்னஞ்சல் அனுப்பட்டும். நீங்கள் போகவேண்டாம். போனால் அது அம்மா போட்ட சண்டையாகிவிடும். பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் அவள் பக்கம் நின்றால், அதற்காக அவரைப் பழிவாங்கவும் அந்தச் சட்டம் விடாது. பள்ளி அப்போதும் இறங்கி வராவிட்டால் ‘ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டர்’ இருக்கிறது. 1974இல் தொடங்கிய அமைப்பு, மாணவப் பத்திரிகையாளர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கட்டுரையை நீங்கள் படித்தீர்களா? படித்த மாதிரி உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிபாரிசுக் கடிதப் பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.