மேடையில் பெயரும் நேரமும்: முதல் தடவை நிகழ்ச்சி தொகுப்பவருக்கு

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 27. என் பெரியப்பாவின் கவிதை நூல் வெளியீட்டு விழா அடுத்த மாதம் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடக்கிறது. மாலை 5 மணிக்குத் தொடங்கி 7.30க்கு முடிக்க வேண்டுமாம். ஐந்து வாழ்த்துரை, இரண்டு ஆய்வுரை, விருந்தினர்களை மேடைக்கு அழைத்து நூல் பிரதி வழங்கல் எல்லாம் உண்டு. நிகழ்ச்சியை நான்தான் தொகுத்து வழங்க வேண்டும் என்கிறார். பாடசாலைப் பேச்சுப்போட்டியோடு என் மேடை அனுபவம் சரி. எப்படித் தயாராவது? கை நடுங்கிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, அன்றைக்கு உங்கள் கையில் இரண்டு பொருள்கள் ஒப்படைக்கப்படுகின்றன. மேடைக்கு வருகிறவர்களின் பெயர் ஒன்று, சபையில் இருப்பவர்களின் நேரம் மற்றது. இந்த இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும், குரல் சுமாராக இருந்தாலும் விழா நன்றாக நடக்கும்.

பெயரில் தொடங்குகிறேன். அழைப்பிதழைப் பார்த்து அப்படியே வாசிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொழும்பில் மேடை என்றால் சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத்தவர் எல்லோரும் வருவார்கள். நம் எழுத்தில் ‘கமகே’ என்று எழுதினால் முதல் எழுத்தை அழுத்தமாகச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா என்று தெரியாது. ‘பண்டார’, ‘திசாநாயக்க’, ‘பாரூக்’ எல்லாம் இதே சங்கடம்தான். சிங்களமோ ஆங்கிலமோ, உங்களுக்கு வசதியான எழுத்தில் அந்தப் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரிடமே தொலைபேசியில் கேளுங்கள்: “ஐயா, உங்கள் பெயரை மேடையில் எப்படிச் சொல்ல வேண்டும்?” இதைக் கேட்டு யாரும் கோபித்ததை நான் பார்த்ததில்லை. கலாநிதியா, வைத்திய கலாநிதியா, பேராசிரியரா, கலாபூஷணம் பட்டம் உண்டா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

ஆள் மண்டபத்தில் இருக்கிறாரா என்று கண்ணால் பார்க்காமல் யாரையும் அழைக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு விழாவில் நிரலில் இருந்த ஒருவரை வாழ்த்துரைக்கு அழைத்தேன். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் மெல்ல எழுந்து வந்து, “தம்பி, அவர் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். நான் அவருடைய மனைவி, சொல்லிவிட்டுப் போக வந்தேன்” என்றார். சபை முழுக்கக் கேட்டது. அந்த அம்மாவை அங்கே நிற்க வைத்தது என் தவறு. அன்றிலிருந்து ஒவ்வோர் உரை நடக்கும்போதும் அடுத்தவர் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று பார்த்துக் குறித்துவிடுவேன்.

அறிமுகத்துக்கு மூன்று வாக்கியம் போதும். அவர் யார், இந்த நூலோடு அவருக்கு என்ன தொடர்பு, எதைப் பற்றிப் பேசப்போகிறார். பெயர் கடைசியில் வரட்டும். பெயரைக் கேட்டதும்தான் சபை கைதட்டும், அந்தக் கைதட்டலோடு அவர் நடந்து வருவார்.

இனி நேரம். நிரலில் 14 அம்சம் இருப்பதாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீங்கள் ஒரு கவிதை, இரண்டு அடுக்குமொழி என்று 2 நிமிடம் எடுத்தால் 28 நிமிடம் உங்களுக்கே போய்விடும். அரை நிமிடத்தில் முடித்தால் 7 நிமிடம்தான். அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீட்டின் உச்சரிப்பையும் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த ஊர் இது. அவர்களைப் போலப் பேசிப்பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். உச்சரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வேகத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், விழா கவிஞருடையது. கவிதை சொல்ல ஆசையென்றால் பெரியப்பாவின் நூலிலிருந்தே நான்கு வரி, ஒரே ஒரு தடவை.

ஐந்து நிமிட வாழ்த்துரை பத்து நிமிடமாவது நம் மேடைகளில் வழக்கம். ஐந்து பேர் என்றால் மேலதிகமாக 25 நிமிடம் அங்கேயே போகும். நேர அளவை முதல் நாளே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். அன்று, நேரம் முடியும்போது ‘2 நிமிடம்’ என்று பெரிதாக எழுதிய துண்டைப் பேச்சு மேசையில் வையுங்கள். அதற்குப் பிறகும் நீண்டால், சபைத் தலைவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை. இதைத் தலைவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

5 மணிக்குக் காலி வீதியில் வாகன நெரிசல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிரதம விருந்தினர் பிந்தினால் எதை முதலில் நடத்துவது என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை இரண்டுக்கும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்தால் பேச்சை வெட்டி அறிவிக்காதீர்கள், உரை முடிந்ததும் வரவேற்கலாம்.

மிக அதிகமாகக் குழம்புவது பிரதி வழங்கல்தான். முப்பது பெயரை ஒவ்வொன்றாக அழைத்து, ஒவ்வொருவரும் பின்வரிசையிலிருந்து நடந்து வந்தால் மண்டபமே களைத்துவிடும். மூன்று மூன்று பேராக அழையுங்கள். படியருகே ஒருவரை நிறுத்தி அடுத்த மூவரை அங்கே தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

எழுந்து நிற்கச் சொன்னால் “அமரலாம்” என்று சொல்லவும் மறக்காதீர்கள். மௌன அஞ்சலி முடிந்தும் வயதானவர்கள் முழங்கால் வலியோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனை தடவை கண்டிருக்கிறேன்!

4 மணிக்கே போய் ஒலிவாங்கியில் பேசிப் பாருங்கள். வாய்க்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி, கொஞ்சம் பக்கவாட்டில். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும். ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியோடு போக வேண்டாம். அதன் சத்தம் திரும்ப ஒலிவாங்கிக்குள் புகுந்துதான் அந்தக் கூவல் வருகிறது.

கை நடுங்கும், எனக்கும் முதல் ஐந்து நிமிடம் இன்னும் நடுங்குகிறது. மெல்லிய தாளில் எழுதினால் தாளும் சேர்ந்து ஆடும். தடித்த மட்டையில், ஒரு மட்டைக்கு ஓர் அம்சம் என்று பெரிய எழுத்தில் எழுதி, இலக்கமிட்டு, மூலையில் துளையிட்டு நூலால் கட்டிவிடுங்கள். கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். அவற்றைச் சொல்லும்போது பெரியப்பா எங்கே இருக்கிறார் என்று தேடி அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.