பழைய செங்கல் ஃபயர்பிளேஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரொறன்ரோவைச் சுற்றி 70களிலும் 80களிலும் கட்டிய வீடுகளில், ஒரு சுவரையே மறைத்து நிற்கும் மண்ணிறச் செங்கல் ஃபயர்பிளேஸை, அதாவது வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் அடுப்பை, நிறையப் பார்க்கலாம். வீடு திருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், அதை எப்படிப் புதுப்பிப்பது என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, முழுக்க வெள்ளை பெயின்ற் அடிக்க யோசிக்கிறோம். சரிவருமா?

சரிவரும் தங்கச்சி, ஆனால் அடித்தால் அடித்ததுதான். செங்கல்லின் நுண்துளைகளுக்குள் பெயின்ற் இறங்கிவிடும். பிறகு உரித்தெடுக்கப் பெரும் பாடு, அப்படியும் முழுதாகப் போகாது. நான் முதலில் சொல்வது சுண்ணாம்பைத்தான். ஊரில் மதிலுக்கு அடிக்கிற அதே நீற்றின சுண்ணாம்பு, இங்கே லைம்வொஷ் என்று வாளியில் வருகிறது. கல்லை நனைத்து மெல்லிசாகப் பூசுங்கள். காய்வதற்குள் ஈரத்துணியால் அங்கங்கே துடைத்தால் செங்கல்லின் நிறம் எட்டிப்பார்க்கும்; அந்த அழகு பெயின்ற்றில் வராது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். அதற்கு முன், ஆரம்ப நாட்களிலேயே பிடிக்கவில்லை என்றால் கழுவிவிடலாம். கையுறையும் கண் கவசமும் போடாமல் தொடவேண்டாம், தோலைச் சுடும்.

முன்பு இருந்தவர்கள் ஏதோ பூசியிருக்கிறார்கள் போல. சுண்ணாம்பு பிடிக்குமா?

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கல் உறிஞ்சினால் பிடிக்கும். முத்துமுத்தாக வழிந்தால் பிடிக்காது, பெயின்ற்தான் வழி.

செங்கல்லில் வெள்ளைத் தூள் பூக்கிறது. மேலே பூசி மறைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கல்லுக்குள் ஈரம் நடமாடுகிறது. அது கரைத்துக்கொண்டு வரும் உப்புத்தான் அந்தத் தூள். புகைபோக்கியின் உச்சிச் சிமெந்து வெடித்திருக்கலாம், கூரையோடு சேரும் இடத்துத் தகடு விலகியிருக்கலாம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எதைப் பூசினாலும் உரிந்து வரும்.

இரண்டு தடவை அடித்தும் கரிக்கறை மேலே வருகிறதே?

கரியை நன்றாகக் கழுவி, காயவிட்டு, கறையைத் தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சு கொடுங்கள். பிறகு பெயின்ற். நெருப்பு எரியும் உட்பக்கத்துக்குச் சாதாரண பெயின்ற் கூடவே கூடாது. அதிவெப்பத்தைத் தாங்கும் பெயின்ற் தனியாக உண்டு.

மரத்தட்டு ஒன்று பொருத்தி, சுற்றிவரப் பலகை அடிக்க ஆசை.

அழகாக இருக்கும், ஆனால் இங்கேதான் உயிராபத்து. கனடாவின் கட்டட விதிப்படி, செங்கல்லால் கட்டிய ஃபயர்பிளேஸின் வாயிலிருந்து 150 மில்லிமீற்றருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. வாய்க்கு மேலே 38 மில்லிமீற்றருக்கு மேல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் குறைந்தது 300 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். உள்ளே எரிவாயு இன்சேர்ட் (ஃபயர்பிளேஸின் வாய்க்குள் பொருத்தும் எரிவாயு அடுப்பு) வைத்திருந்தால் அதன் கையேட்டில் உள்ள அளவையே பாருங்கள். விறகு எரிப்பவர்கள், விறகு அடுப்புகளைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைக்கும் வெட் (WETT) சான்றிதழ் உள்ள ஒருவரைக் கொண்டு முதலில் பரிசோதியுங்கள். காப்புறுதிக்காரரும் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.

இடித்தே எடுத்துவிட்டால்?

மேலே நிற்கும் புகைபோக்கியின் பாரத்தை யார் தாங்குவது? பொறியியலாளரிடமும் நகரசபையிடமும் கேட்காமல் சுத்தியலைத் தூக்காதீர்கள்.

கையில் பெரிதாகக் காசில்லை அண்ணா.

அந்த மஞ்சள் பித்தளைக் கதவை மட்டும் மாற்றிப் பாருங்கள் தம்பி. செங்கல்லைவிட அதுதான் பல வீடுகளில் பழமையைக் காட்டுகிறது. கழற்றி வெளியே கொண்டுபோய், உரசித் துடைத்து, கண்ணாடியை மறைத்துவிட்டு, வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்பிரே அடியுங்கள். முதல் தடவை நெருப்பு மூட்டும்போது மணம் வரும், யன்னலைத் திறந்துவிடுங்கள்.